முதலில் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள்

திருப்பரங்குன்றம் பக்கம் எங்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஷட்டிலுக்கு ஒரு ஹால், வெளியே வாலிபாலுக்கு ஒரு மண் கோர்ட், மூலையில் ஒரு கேரம் போர்டு, மாலையானால் முப்பது நாற்பது பேர். பகலில் நான் வெல்டிங் பட்டறை நடத்துகிறேன், ஆறு மணிக்கு மேல் கிளப் செகரட்டரி. நாலு வருஷமாக மாற்றுத்திறனாளிகள் பதினோரு பேர் எங்களோடு ஆடுகிறார்கள். "நாங்களும் சேர்த்துக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று மற்ற ஊர் கிளப்காரர்கள் கேட்கிறார்கள். நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பதிலிருந்து சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

சறுக்கல் நிஜமாகவே சறுக்கல்தான். ஹாலுக்கு மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். நிலையூரிலிருந்து ஒரு தம்பி, பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேரில் இருப்பவர், ஷட்டில் ஆட வரலாமா என்று கேட்டார். பட்டறைக்காரன் சும்மா இருப்பேனா? ராத்திரியோடு ராத்திரியாகச் செக்கர்ட் பிளேட் என்கிற இரும்புத் தகட்டை வெட்டி ஐந்தடி நீளத்துக்கு ஒரு சாய்தளம் அடித்து வைத்துவிட்டேன். மறுநாள் வந்தவர் கீழே நின்று அதை ஒரு பார்வை பார்த்தார். "ஏண்ணே, இது எனக்கா, இல்ல மூட்டை ஏத்துறதுக்கா?" என்றார். நான் விடவில்லை, ஏறச் சொன்னேன். பாதியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. பின்னால் நின்ற இரண்டு பேர் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கே கிளப்பைப் பூட்டியிருப்போம்.

கணக்கு இதுதான்: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். எங்கள் ஒன்றரை அடிக்கு 18 அடி. நேராகப் போட இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டு மடக்கிக்கொள்ளலாம். அந்தச் சமதளம் 5க்கு 5 அடி இருந்தால் வண்டி தாராளமாகத் திரும்பும். சாய்தளத்தின் அகலம் 4 அடி இருக்கட்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கரம் ஓரம் நழுவாமல் இருக்க ஒரு சின்ன விளிம்பு. இரும்புத் தகடு வேண்டவே வேண்டாம், இதை இரும்பு வியாபாரத்தில் இருக்கிற நானே சொல்கிறேன். சித்திரை வெயிலில் அது தோசைக்கல், ஐப்பசி மழையில் பாசி பிடித்த படித்துறை. சிமென்ட் போட்டு, ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிடுங்கள், டயருக்குப் பிடி கிடைக்கும்.

சாய்தளம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தத் தம்பி வருகிற நாளெல்லாம் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டால் "தாகமில்லண்ணே" என்பார். எங்கள் கழிவறைக் கதவு 2 அடி, அவர் வண்டி அதைவிட இரண்டு அங்குலம் அகலம். விஷயம் அவ்வளவுதான். அதனால் நீங்கள் செலவு செய்ய ஆரம்பிப்பதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே கழிவறைக்குப் போங்கள். கதவுத் திறப்பு 3 அடி வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வெஸ்டர்ன் கோப்பை, அதன் பக்கச் சுவரில் ஆள் எடையைத் தாங்குகிற கைப்பிடி. குழாயும் தாழ்ப்பாளும் உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். சாய்தளத்தைவிட இதற்குத்தான் எங்களுக்குக் காசு போனது. ஆனால் இதைச் செய்த பிறகுதான் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், மாற்றுத்திறனாளிகள் மட்டுமல்ல, எல்லாப் பெண்களும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. கழுத்து, மேல்முதுகுப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு இறங்காது. மதுரை வெயிலில் இது விளையாட்டல்ல. கோடையில் நாங்கள் ஆறரைக்கு முன் அவர்களைக் கோர்ட்டில் இறக்குவதில்லை. ஈரத்துண்டும், செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலும் கையில் இருக்கும். உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு பட்டாலும் அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்தால் படுக்கைப்புண் மாதிரி புண் வரும். கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க அவருக்கு நேரம் கொடுங்கள். இதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

சரி, சந்தா. எங்கள் கமிட்டியில் ஒரு பெரியவர், நல்ல மனுஷர், "பாவம்ப்பா, அவுகளுக்குச் சந்தா வேணாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நிலையூர்த் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "சந்தா வாங்கலன்னா நான் விருந்தாளிண்ணே. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்." அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே சந்தா. கட்ட முடியாதவர், கால் கை நன்றாக இருப்பவரானாலும் சரி, பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் பாதி. சந்தா கட்டுகிறவருக்குப் பொதுக்குழுவில் ஓட்டு, கமிட்டியில் நிற்க உரிமை. இப்போது அந்தத் தம்பிதான் பொருளாளர், பாக்கி வைத்தால் வீட்டுக்கே போன் போடுவார். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மட்டும் பந்தல் போட்டு, பிரமுகரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற வேலையை நாங்கள் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆட்டத்தில் அவருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் என் கணக்கு.

ஆட்டத்துக்கு வருவோம். வீல்சேர் ஷட்டிலில் ஒற்றையர் ஆட்டம் பாதி கோர்ட்டில்தான். நெட்டுக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவில் விழுகிற ஷட்டில் அவுட். நெட்டின் உயரம் மாறுவதில்லை. கிளப் ஆட்டத்தில் இதைக் கலந்து கொள்ளலாம்: ஒரு பக்கம் வண்டி, மறுபக்கம் நிற்பவர். இருவருக்கும் பாதி கோர்ட், வண்டிக்காரர் பக்கம் மட்டும் முன் பட்டை அவுட். நிலையூர்த் தம்பி என்னை 21-14 என்று தோற்கடித்தது இந்த விதியில்தான். பந்தய வீல்சேருக்குச் சக்கரம் சாய்ந்திருக்கும், பின்னால் கவிழாமல் இருக்கக் குட்டிச் சக்கரம் இருக்கும். அது வாங்கும் வரை, சாதாரண வண்டிக்குப் பின்னால் இரண்டு குழாய் நீட்டி, பழைய ஆபீஸ் நாற்காலிச் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பொருத்தினேன். வண்டி அலுமினியம் என்றால் அதில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள், கிளாம்ப் போட்டு முறுக்குங்கள். இடுப்புக்கு ஒரு அகலப் பட்டை கட்டாயம். அப்புறம் முள். கோர்ட்டைச் சுற்றிச் சீமைக் கருவேலம் இருந்தால் டயர் வாரம் ஒரு பஞ்சர். ஆட்டத்துக்கு முன் பெருக்குவது எங்கள் ஊரில் ஒரு தனி உத்தியோகம்.

உட்கார்ந்து ஆடும் வாலிபாலை எல்லாக் கிளப்பும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். கோர்ட் 10 மீட்டருக்கு 6 மீட்டர், நெட்டின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. நாங்கள் ஆறு பேரும் ஆறு பேரும் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் ஒருவர் சின்ன வயதில் போலியோ வந்தவர், அவனியாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் ஆறடி ஸ்பைக்கர், மாவட்ட அளவில் ஆடியவன். முதல் பந்து அவனுக்கு இரண்டடி இடப்பக்கம் விழுந்தது. கை நீட்டினான், எட்டவில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழந்தை மாதிரி முழித்தான். தையற்காரர் இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி ஒரு தள்ளு, அடுத்த பந்து வருவதற்குள் நெட்டருகில் இருந்தார். முதல் செட்டில் எங்களுக்கு ஒன்பது பாயின்ட். "முப்பது வருஷம் பழகுன நடைண்ணே இது" என்றார். மறுநாள் அந்த ஸ்பைக்கர் கையைத் தூக்க முடியாமல் பல் விளக்கினானாம். தரையைத் தண்ணீர் தெளித்து உருட்டி, கல் பொறுக்கிவிட்டு ஆடுங்கள். தடித்த பேன்ட் போடச் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாதவர்களை மட்டும் இப்படித் தரையில் உட்கார வைக்க வேண்டாம்.

காது கேளாதவர்களுக்குக் கோர்ட்டில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை. மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? நம்ம ஊர் ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கி, அதே வருஷத்து அர்ஜுனா விருதும் பெற்றவர். மாற வேண்டியது நம் பழக்கம். நான் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் வாய்ஸாக அனுப்புகிற ஆள். நேரம் மாறியதை வாய்ஸில் போட்டேன், காது கேளாத பையன் பூட்டின ஹால் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான். சரி என்று போர்டில் எழுதி போட்டோ எடுத்துப் போட்டால், பார்வையற்ற கேரம் ஆட்டக்காரரின் போன் அதை வாசித்துச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான், டைப் அடிப்பது. ஸ்கோரை விரலில் காட்டுங்கள், விசிலோடு கையையும் தூக்குங்கள். இரட்டையர் ஆட்டத்தில் "விடு, விடு" என்று கத்துவது அவனுக்குப் பயனில்லை, நடுவில் வருகிற ஷட்டில் யாருக்கு என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்றவர்கள் கிரிக்கெட்டுக்கு உள்ளே பேரிங் குண்டு போட்ட பிளாஸ்டிக் பந்து, கையைத் தாழ்த்தி உருட்டி வீசுவது. அதற்குப் பெரிய மைதானத்தைவிடச் சத்தமில்லாத மைதானம் முக்கியம், மெயின்ரோட்டு ஓரம் என்றால் யோசிக்காதீர்கள். ஹாலுக்குள் நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிடுங்கள். கூட்டிப் போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார்.

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வருகிறார். அவனுக்கு ஒரே நேரம், ஒரே கோர்ட், ஒரே ஆள் சொல்லித் தர வேண்டும். பாயின்ட் எண்ண வராது, அதனால் டப்பாவில் புளியங்கொட்டை போடுவான். இப்போது பெரியவர்கள் ஆட்டத்துக்கும் அவன் டப்பாதான் ஸ்கோர்போர்டு, யாரும் பொய்ப் பாயின்ட் சொல்ல முடிவதில்லை. விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளைகள் இருந்தால் விசிலையே விட்டுவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், கபடி போன்றவற்றில் இறக்குமுன் டாக்டரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பட்டப்பெயர் வைக்காமல் நம்ம ஆட்களுக்குத் தூக்கம் வராது. ஊனத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வாரம் கோர்ட் பெருக்க வேண்டும் என்று விதி போட்டோம். இதுவரை மூன்று பேர் பெருக்கியிருக்கிறார்கள், அதில் ஒருவன் என் மச்சான்.

காகித வேலை கொஞ்சம்தான். தேசிய அடையாள அட்டை இல்லாதவரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, விளையாட்டில் பங்கெடுப்பதற்கென்றே அதில் ஒரு பிரிவும் உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பதிவு ஆரம்பித்ததும் எல்லோருக்கும் டைப் அடித்துச் சொல்லிவிடுங்கள்.

பஸ்ஸை மறக்காதீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் பஸ் வந்தால்தானே ஏறுவது? கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து அவர்கள் ஆட்டத்தை முதலில் வையுங்கள். எங்கள் ஹாலைப் பூட்டுகிற நேரம் ஒன்பதிலிருந்து எட்டே முக்காலானது அதனால்தான். நெட் கட்டிக் கழற்றுகிற முறையில் தன் பெயரையும் போடச் சொல்லிப் பொருளாளர் சண்டை பிடித்தார். கயிறு கட்டுகிற கொக்கி ஐந்தடியில் இருந்தது. அதை அறுத்து மூன்றடியில் வைத்துக் கொடுத்தேன், பத்து நிமிஷ வேலை. இந்த வாரம் அவர் முறை.