காந்தச் சிற்பம் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குத் தெரியாத விசையை வச்சு சிற்பம் பண்ணணும்னு புதுசா நிறைய பேர் வர்றாங்க, சந்தோஷம்தான், ஆனா நாங்கல்லாம் சொதப்பின அதே இடத்துலயே அவங்களும் சொதப்புறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. விரல் நசுங்கும், போன் பக்கத்துல வைக்காதேங்கிறதெல்லாம் விட்டுடறேன், அது எல்லாருக்கும் தெரியும்.

சூடு

இதை நினைச்சா இன்னமும் எரிச்சலா வருது. சாதாரண கிரேடு நியோடைமியம் காந்தம் (சின்னதா இருந்தாலும் பலமா இழுக்குற வகை) சுமாரா 80 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும். பவுடர் கோட்டிங் ஓவன், அதாவது இரும்பு மேல தூவின பெயிண்ட் தூளைச் சுட்டு ஒட்டவைக்கிற அடுப்பு, ஓடுறது 180, 200 டிகிரில. ஒரு பையன், நல்ல கைவேலை, ஸ்டீல் வளைவுக்குள்ள காந்தத்தையெல்லாம் எப்பாக்ஸி பசை போட்டு ஒட்டி முடிச்சிட்டு அப்படியே கோட்டிங்குக்கு அனுப்பிட்டான். திரும்பி வந்தப்ப ஒரு கீறல் கிடையாது, பளபளன்னு இருக்கு. ஆனா அந்தரத்துல இழுபட்டு நிக்க வேண்டிய இரும்பு ஊசி நூலோட தொங்குது. நாள் பூரா நூலை மாத்துறான், இடைவெளியைக் குறைக்கிறான், ஊசியை உரசி எடையைக் குறைக்கிறான், காந்தத்து மேல மட்டும் சந்தேகமே வரல. எப்படி வரும், சூடுபட்ட காந்தம் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆறினாலும் போன பலம் திரும்பாது, மறுபடி காந்தமேத்தணும். ஒட்டினதை நெம்பினா நொறுங்கிடும், அது பீங்கான் மாதிரி. மொத்த செலவும் போச்சு.

வெல்டிங், கிரைண்டிங், கோட்டிங் எல்லாம் முடிஞ்சு இரும்பு ஆறின அப்புறம் கடைசியாத்தான் காந்தம். சிற்பம் வெயில்லயோ சூடான விளக்குக்குக் கீழயோ நிக்கப்போகுதுன்னா 150 டிகிரி தாங்குற எஸ்ஹெச் கிரேடு கேட்டு வாங்குங்க, இல்லனா சூடு தாங்குற இன்னொரு வகையான சமேரியம் கோபால்ட் காந்தம்.

நூல் இல்லாம மிதக்க வைக்கிறது

அசையாத நிரந்தரக் காந்தங்களை மட்டும் வச்சு ஒரு இரும்பையோ காந்தத்தையோ அந்தரத்துல நிலையா நிறுத்த முடியாதுங்கிறது எர்ன்ஷாங்கிற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1842லயே நிரூபிச்ச விஷயம், இன்னும் நாலு காந்தம் சேர்த்தா நின்னுடும்னு காசைக் கொட்டாதீங்க. கிரேக்கச் சிற்பி டாக்கிஸ் 1959ல காந்தச் சிற்பம் ஆரம்பிச்சப்பவே இரும்புத் துண்டை கம்பியால கட்டித்தான் காந்தத்தை நோக்கி நிறுத்தினாரு. அந்தக் கம்பி விறைச்சு நிக்கிறதுலதான் விசையே கண்ணுக்குத் தெரியுது, அதை மறைக்க ஏன் இவ்வளவு பாடுபடுறாங்கன்னு புரியல.

காந்தத்துல துளை போடுறது

போடாதீங்க. தூள் தீப்பிடிக்கும்.

அலுமினியம் பேஸ்

காந்தம் ஒட்டாதுதான், ஆனா அதுக்கு மேல காந்தம் ஆடினா தகட்டுல சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கிடும். ரொம்ப நேரம் ஆடணும்னா மரப்பலகை போடுங்க.