பிளேயர் வாங்கறதுக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாருங்க

குடியாத்தத்துல மைக் செட் வெச்சிருக்கேன். கல்யாண முகூர்த்தம், வைகாசி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா இதெல்லாம் போக மத்த நாள்ல வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் வீடுகள்ல ஹோம் தியேட்டர் மாட்டிக் குடுக்கறேன். "எந்த டிஸ்க் பிளேயர் வாங்கலாம்?"னு கேக்கறவங்ககிட்ட ரெண்டு விஷயம் கேப்பேன். வீட்ல என்னென்ன டிஸ்க் இருக்கு? ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி என்னென்ன சாக்கெட் இருக்கு? இது தெரிஞ்சா பாதி முடிவு ஆயிடும். பிளேயரோட விளம்பரத்தை அப்புறம் படிச்சா போதும்.

"இன்னாண்ணா, எல்லாம் நெட்லயே கீதே, டிஸ்க் எதுக்கு?"ன்னு சாத்துவாச்சாரி பையன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். நெட்ல 4கே படம் ஓடும்போது பொதுவா நொடிக்கு 15லேர்ந்து 25 மெகாபிட் தகவல் வரும். 4கே டிஸ்க்ல 100க்கு மேலயும் போகும். இருட்டுக் காட்சியில சுவர் கட்டம் கட்டமாத் தெரியறதும், மழைச் சத்தம் நசுங்கிக் கேக்கறதும் இந்த வித்தியாசத்தாலதான். நல்ல ஸ்பீக்கர் வாங்கி மாட்டினவங்களுக்கு இது உடனே காதுல படும்.

முதல்ல டிஸ்க் பெட்டியைத் திறங்க. நம்ம பக்கம் வீடுகள்ல விசிடியும் டிவிடியும்தான் அதிகம். மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு வித்த காலத்துல வாங்கி அடுக்கினது இன்னும் அலமாரியில இருக்கும். டிவிடியை விடத் தெளிவான ப்ளூரே டிஸ்க்ல வந்த தமிழ்ப் படம் கம்மி. 4கே டிஸ்க்னா பெரும்பாலும் இங்கிலீஷ் படம்தான். அதனால தமிழ்ப் படம் மட்டும் பாக்கற குடும்பம் 4கே பிளேயருக்குப் பெரிய தொகை போட வேண்டியதில்லை. நல்ல ப்ளூரே பிளேயர் போதும், அது டிவிடியையும் ஓட்டும். ஆனா விசிடியை எல்லா ப்ளூரே பிளேயரும் ஓட்டாது. வாங்கற மாடலோட கையேட்டுல விசிடின்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு பணத்தை எடுங்க.

பால் (நம்ம நாட்டு டிவி முறை) டிவிடியில படம் 720க்கு 576 புள்ளி. அதை 4கே டிவி முழுக்க நிரப்பணும்னா ஒவ்வொரு புள்ளிக்கும் இருபது புள்ளி போடணும். அந்த வேலையைப் பிளேயரும் செய்யும், டிவியும் செய்யும். யார் நல்லா செய்யறாங்கன்னு உங்க கண்ணாலதான் பாக்கணும். பிளேயரோட வீடியோ அவுட்டை ஒரு தரம் 576லயும் இன்னொரு தரம் 1080லயும் வெச்சு, ஒரே பாட்டை ஓட்டுங்க. எழுத்து ஓரமும் முக ஓரமும் எதுல சுத்தமா இருக்கோ அதுலயே விட்டுடுங்க.

இப்போ ஆம்ப்ளிஃபயர். அதிகம் பேர் பணத்தை வீணாக்கறது இங்கதான். அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நம்ம ஊர்ல நிறைய பேர்கிட்ட இருக்கறது அசெம்பிள் பண்ண 5.1 செட், அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். அதுல ரெண்டு வகை. ஒண்ணு, உள்ளே டிகோடர் போர்டு (டிஸ்க்ல சுருக்கி வெச்ச ஒலியை ஸ்பீக்கர் வாரியாப் பிரிக்கறது) போட்டது. பின்னாடி ஆப்டிகல், கோஆக்சியல் சாக்கெட் இருக்கும். டிவிடியில வர்ற டால்பி டிஜிட்டல், டிடிஎஸ்ங்கற ரெண்டு வகை 5.1 ஒலியும் இந்த ஒத்தை ஒயர்லயே முழுசா போகும். இதுக்குப் பிளேயர்ல ஆப்டிகலோ கோஆக்சியலோ இருந்தா போதும். ப்ளூரே டிஸ்கைப் போட்டாலும் 5.1 வரும், ஆனா சுருக்கின 5.1தான். ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ மாதிரி சுருக்கிக் கெடுக்காத ஒலி அந்த ஒயர்ல போகாது. அதுக்குப் படமும் சத்தமும் சேர்ந்து போற எச்டிஎம்ஐ ஒயர் வேணும்.

ரெண்டாவது வகையில டிகோடர் இருக்காது. ஆறு ஆர்சிஏ சாக்கெட் மட்டும் இருக்கும். அப்போ பிளேயர்தான் ஒலியைப் பிரிச்சு ஆறு ஒயர்ல தரணும். பின்னாடி 5.1 அவுட் இருக்கற பிளேயரைத் தேடுங்க. அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. முகப்புல 'டிடிஎஸ் டிஜிட்டல் அவுட்'னு மட்டும் போட்டிருந்தா, அது டிடிஎஸ்ஸைப் பிரிக்காது, அப்படியே வெளியே அனுப்பி வைக்கும். டிடிஎஸ் டிவிடி போட்டா இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயர்ல சத்தமே வராது. இருக்கற ஆம்ப்ளிஃபயரைக் கழிச்சுக்கட்ட மனசு வரலன்னா, 4கே பிளேயர்லயும் பானாசோனிக் யுபி820ல 7.1 அனலாக் அவுட் இருக்கு.

எச்டிஎம்ஐ சாக்கெட் இருக்கற ரிசீவர் (டிகோடரும் ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணா இருக்கற பெட்டி) வெச்சிருக்கறவங்களுக்கு வழி நேர்தான். பிளேயர்லேர்ந்து ரிசீவர், ரிசீவர்லேர்ந்து டிவி. ரிசீவர் பழசு, 4கே எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் நல்லாப் பிரிஞ்சு தெரியற படம்) தாங்காதுன்னா, ரெண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கற பிளேயரா எடுங்க. படம் ஒண்ணுல டிவிக்கு, சத்தம் இன்னொண்ணுல ரிசீவருக்கு. சோனி எக்ஸ்700ல அப்படி ரெண்டு இருக்கு. அந்த மாடல்ல டால்பி விஷன்ங்கற எச்டிஆர் வகையை மெனுவுல நாமேதான் ஆன் பண்ணணும், சாதா எச்டிஆர்10 டிஸ்க் போடும்போது ஆஃப் பண்ணணும். அப்பப்போ அதைச் செய்யப் பொறுமை இருந்தா அது நல்ல பிளேயர்.

கடையில தேர்ந்தெடுக்க ரொம்ப இல்லை. ஓப்போ 2018ல நிறுத்திட்டாங்க, சாம்சங் 2019ல விலகிட்டாங்க, எல்ஜியும் 2024ல முடிச்சிட்டாங்க. 4கேன்னா இப்போ சோனியும் பானாசோனிக்கும்தான் பெரும்பாலும். டிஸ்க் போடற பிஎஸ்5 கேம் பெட்டி வீட்ல இருந்தா அதுவே 4கே டிஸ்க் ஓட்டும். டால்பி விஷன் கிடையாது, பாட்டு சிடியும் ஓடாது.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல வீட்டுக்கு பிளேயர் துபாய்லேர்ந்தோ அமெரிக்காவுலேர்ந்தோதான் வருது. சொந்தக்காரங்க கிளம்பறதுக்கு முன்னாடியே பின்பக்க லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தா இங்க நேரா சொருகக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அடுத்தது ரீஜன், அதாவது எந்த நாட்டு டிஸ்க் ஓடும்னு போட்டிருக்கற பூட்டு. இந்தியாவுக்கு டிவிடியில 5, ப்ளூரேயில சி. துபாய்க்கு 2, பி. அமெரிக்காவுக்கு 1, ஏ. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தடை இல்லை. ரீஜன் பூட்டு இல்லாத டிஸ்க்கும் எங்கயும் ஓடும். ஆனா அமெரிக்க பிளேயர்கள் பலது பால் டிவிடியைத் தொடாது. நம்மகிட்ட இருக்கறதுல பால் டிவிடி இருந்தா அமெரிக்கா வேண்டாம்.

வெயிலையும் கணக்குல எடுத்துக்குங்க. சித்திரை வைகாசியில வேலூர் 40 டிகிரியைத் தாண்டுது. பிளேயரை ஆம்ப்ளிஃபயர் தலைமேல அடுக்காதீங்க, தனித் தட்டு குடுங்க. ஸ்டெபிலைசரும் வெச்சுடுங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற தெருவுல அது இல்லாம நான் மாட்டிக் குடுக்கறதில்லை.

மாட்டினதும் மெனுவுல ரெண்டு மாத்தணும்: 24 ஃப்ரேம் அவுட் (சினிமா எடுத்த வேகத்துலயே அனுப்பறது) ஆன், ப்ளூரே ஆடியோ மிக்ஸ் (மெனு சத்தத்தையும் சேர்த்துக் கலக்கறது) ஆஃப். மிக்ஸ் ஆன்ல இருந்தா ட்ரூஎச்டி ரிசீவருக்குப் போய்ச் சேராது.

பழைய பிளேயர் வாங்கறவங்க கடைக்கு உங்க டிஸ்கையே எடுத்துட்டுப் போங்க: ஒரு சிடி, ஒரு டிவிடி, ஒரு ப்ளூரே. மூணையும் ஓட்டிப் பாக்கணும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405ன்னு மூணுக்கும் வேற வேற லேசர். ஒண்ணு மங்கிப் போயும் மத்தது நல்லா இருக்கும், கடைக்காரர் நல்லா ஓடறதை மட்டும் போட்டுக் காட்டினா நமக்குத் தெரியாது. டிவிடியில 8.5 ஜிபி ரெட்டை அடுக்கு டிஸ்கா எடுத்துக்குங்க, மூணு மணி நேரப் படம் பலதும் அதுலதான் இருக்கும். படத்தோட பின்பாதிக்குத் தாவி ஓட்டுங்க. அடுக்கு மாறற இடத்துல கண் சிமிட்டற நேரம் நின்னா பரவாயில்லை, அங்கயே திணறி நின்னா லென்ஸ் களைச்சுடுச்சு. ட்ரேயைப் பத்துப் பதினஞ்சு தரம் திறந்து மூடுங்க. அந்த பிளேயரோட சொந்த ரிமோட் இருக்கான்னும் கேளுங்க. முகப்புல ரெண்டு மூணு பட்டன்தான் இருக்கும், ரிமோட் இல்லாம மேலே சொன்ன மெனு எதுக்குள்ளயும் போக முடியாது.