17-வது டிராக்கை எந்த மிடி சேனலில் போடுவது?

மிடி என்பது எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்று கணினியும் வாத்தியங்களும் பேசிக்கொள்ளும் மொழி. அதில் இருபது டிராக் அடுக்கி பிளே செய்தால் பாதி வாத்தியம் கேட்கவில்லை, வயலின் வரவேண்டிய இடத்தில் பியானோ வாசிக்கிறது. உடனே சவுண்ட் கார்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு சேனல்களைப் பிரித்துக் கொடுத்த விதத்தில்தான் இருக்கும்.

சேனல் என்பது ஒரு வாத்தியத்துக்கான கட்டளைகள் போகும் தனித்தடம். 16 சேனல்தான் என்பது கணினி முழுவதற்குமான கணக்கு இல்லை, ஒரு போர்ட்டுக்கான (ஒரு மிடி இணைப்புக்கான) கணக்கு. 1983-ல் வந்த மிடி 1.0-ல் சேனல் எண்ணுக்கு 4 பிட்தான் ஒதுக்கினார்கள், அதனால் 16. இடமில்லை என்று 17-வது டிராக்கை மறுபடி 1-ம் சேனலில் போட்டால், அதிலுள்ள புரோகிராம் சேஞ்ச் (வாத்தியத்தை மாற்றும் கட்டளை) முதல் டிராக்கின் வாத்தியத்தையும் சேர்த்து மாற்றிவிடும். இன்னொரு போர்ட் திறப்பதுதான் வழி. ரோலண்டின் எஸ்சி-88 என்ற ஒலிப் பெட்டி இரண்டு மிடி இன் (உள்வரும் இணைப்பு) வைத்து 32 பார்ட் (தனித்தனி வாத்தியம்) கொடுத்தது இப்படித்தான். ஃப்ளூயிட்சிந்த் மென்பொருளில் சேனல் எண்ணிக்கையை 32, 48 என்று 16-ன் மடங்காக உயர்த்திக்கொள்ளலாம்.

அப்புறம், சேனலையும் வாய்ஸையும் (ஒரு நோட் ஒலிக்கப் பிடிக்கும் ஒலி இழையையும்) ஒன்றாக நினைக்காதீர்கள். பழைய ஏடபிள்யூஇ32 சவுண்ட் கார்டின் பெயரில் இருக்கும் 32, ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய வாய்ஸ்களின் எண்ணிக்கை. ஒரு சவுண்டு இரண்டு அடுக்காக இருந்தால் ஒரு நோட்டே இரண்டு வாய்ஸ் தின்னும். நோட்டை நீட்டி ஒலிக்கவிடும் சஸ்டெய்ன் பெடலும் அழுத்தியிருந்தால் சீக்கிரமே தீர்ந்துபோய், பழைய நோட்டுகள் நடுவிலேயே வெட்டுப்படும். அதற்கு இன்னும் சேனல் சேர்த்துப் பயனில்லை.

நம் இசையை வாசிப்பவர்கள் அதிகம் அடிபடுவது சுருதியை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டில். அது ஒரு நோட்டுக்குப் போகாது, அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா நோட்டுக்கும் போகும். தம்புராவின் சுருதியையும் புல்லாங்குழலையும் ஒரே சேனலில் வைத்துக் கமகம் போட்டால் சுருதியும் கூடவே ஆடும், கேட்கச் சகிக்காது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். ஜெனரல் மிடியில் (எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று வகுத்த பொது நியமத்தில்) பெண்டின் வீச்சு இயல்பாக மேலே 2, கீழே 2 அரைச்சுரம். கூட்ட வேண்டுமானால் எந்தச் சேனலில் வேண்டுமோ அந்தந்தச் சேனலுக்குத் தனியாகக் கூட்ட வேண்டும், ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதும் மாறியிருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

ஜெனரல் மிடியில் 10-ம் சேனல் தாளத்துக்கு. அங்கே வீணையைப் போட்டால் டிரம்தான் கேட்கும். நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி: உள்ளே எண்கள் 0-லிருந்து 15 வரை, ஆகவே 10-ம் சேனல் என்பது 9.

வெளி சிந்தசைசரைப் பழைய மிடி கேபிளில் இணைத்தால் வேகத்தையும் பாருங்கள். வினாடிக்கு 31,250 பிட், ஒரு நோட் ஆன் (நோட்டைத் தொடங்கச் சொல்லும் கட்டளை) கடக்க ஏறக்குறைய 1 மில்லிவினாடி. 16 சேனலும் முதல் தட்டிலேயே மூன்று நோட்டை ஒன்றாக அடித்தால் கடைசி நோட் 40 மில்லிவினாடிக்கு மேல்கூடப் பிந்தலாம், அந்த இழுப்பு காதுக்குத் தெரியும். புரோகிராம் சேஞ்சுகளைப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே, ஒரு வெற்று பாரில் (தாளச் சுற்றில்) அனுப்பிவிடுங்கள். பேங்க் (சவுண்டுகளின் தொகுப்பு) மாற்றுவதாக இருந்தால் பேங்க் செலக்ட் முதலில், புரோகிராம் சேஞ்ச் பிறகு. வரிசை மாறினால் பழைய பேங்க்கில் உள்ள சவுண்டுதான் வரும்.

நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது நோட் தொங்கி நின்றாலோ சுருதி விலகியிருந்தாலோ, கன்ட்ரோலர் கட்டளைகளான 123-ஐயும் 121-ஐயும் அனுப்புங்கள். முதலாவது நோட்டுகளை நிறுத்தும், அடுத்தது பெடலையும் பெண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 1-ம் சேனலுக்கு மட்டும் அனுப்பினால் போதாது, திறந்திருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் 16 சேனலுக்கும் போக வேண்டும்.