டியூட்டி ஃப்ரீன்னு நம்பி பட்ஜெட் போடாதீங்க

ப்ராஜெக்ட் சாங்ஷன் ஆன உடனே ஜெர்மனி மெஷினுக்கு கொட்டேஷன் வாங்கிட்டு "யூனிவர்சிட்டிக்கு டியூட்டி ஃப்ரீ தானே"ன்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி. இல்லைங்க, நம்ம ஊர்ல அது சலுகை மட்டும்தான். 1996ல 51/96ங்கற கஸ்டம்ஸ் நோட்டிஃபிகேஷன்ல வந்த சலுகைல ஆராய்ச்சிக் கருவிக்கு அடிப்படை வரி 5 சதவீதம், அந்த வரி மேல 10 சதவீதம் சர்சார்ஜ். ஐ.ஜி.எஸ்.டி.யும் (இறக்குமதிக்குப் போடற ஜி.எஸ்.டி.) முன்னாடி 5 சதவீதம்தான் இருந்துச்சு, 2022 ஜூலை 18லேர்ந்து அந்தச் சலுகையத் தூக்கிட்டாங்க, இப்ப பொதுவா 18. பழைய ஃபைலப் பாத்து பட்ஜெட் போட்டவங்க மாட்டறது இங்கதான்.

மெஷின், ஃப்ரைட், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து 50 லட்சம்னு வைங்க. அடிப்படை வரி 2,50,000, சர்சார்ஜ் 25,000, மொத்தத்து மேல ஐ.ஜி.எஸ்.டி. 9,49,500. ஆக 12,24,500 ரூபா கைல இருக்கணும். சலுகை இல்லாம 7.5 சதவீதம் கட்டற கருவின்னா 13,86,750 வரும். சலுகையால மிச்சம் 1,62,250, அவ்ளோதான். சில கருவிக்கு அடிப்படை வரியே சைபர், அதுக்குப் போய் கீழ சொல்ற பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டு இருக்காதீங்க, கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட கருவியோட கஸ்டம்ஸ் கோட் நம்பர் சொல்லி மொதல்லயே கேட்டுடுங்க.

பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடறதுக்கு முன்னாடியே, இந்தச் சலுகைக்கு வேண்டிய டி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசோட அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்ட எடுத்து தேதியப் பாருங்க. எக்ஸ்பைரி ஆகியிருந்தா டெல்லிலேர்ந்து ரினியூவல் வரணும், அதுக்கு நேரம் ஆகும். பி.ஓ., இன்வாய்ஸ், ஏர்வே பில் மூணுமே நிறுவனத்தோட பேர்ல இருக்கணும், ப்ரொஃபசர் பேர்லயோ டீலர் பேர்லயோ இருந்தா சிக்கல். டீலரே இறக்குமதி பண்ணி ரூபால பில் போட்டா இந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது.

அப்புறம் இந்த எசென்ஷியாலிட்டி சர்டிஃபிகேட். இந்தப் பொருள் ஆராய்ச்சிக்கு மட்டும்தான்னு நிறுவனத் தலைவர் கையெழுத்து போட்டுத் தர்றது, ஒவ்வொரு கன்சைன்மென்ட்டுக்கும் தனித்தனியா வேணும். எங்க லேப்ல ஒரு தடவை எச்.ஓ.டி. (டிபார்ட்மென்ட் தலைவர்) கையெழுத்தோட அனுப்பிட்டோம், அது செல்லாதுன்னு திரும்பி வந்துச்சு, நிறுவனத் தலைவர் ஊர்ல இல்ல, பெட்டி மீனம்பாக்கம் ஏர் கார்கோல உக்காந்துட்டு இருந்துச்சு, நாங்க தினமும் புரோக்கருக்கு போன் போட்டுட்டு இருந்தோம். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற இறக்குமதிப் பேப்பர், லேட்டா போட்டா மொத மூணு நாள் தினம் 5,000 ரூபா கட்டணும், அப்புறம் தினம் 10,000. இருபது நாள் லேட்டுன்னா 1,85,000, மேல சொன்ன மிச்சம் மொத்தமும் காலி, பெட்டி அங்க கிடக்கறதுக்கான வாடகை (டெமரேஜ்) தனி. அதனால சப்ளையர் முன்கூட்டி அனுப்பற ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் கைக்கு வந்த உடனே சர்டிஃபிகேட் டிராஃப்ட் ரெடி பண்ணி வைங்க, சப்ளையர் கப்பல்லயோ ப்ளைட்லயோ ஏத்தறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கிடுங்க.

மாடல் நம்பர் எல்லா பேப்பர்லயும் ஒரு எழுத்து மாறாம இருக்கணும். பி.ஓ.ல பம்ப், கேபிள்னு பிரிச்சுப் போட்டிருந்தா சர்டிஃபிகேட்லயும் அப்படியே பிரிச்சுப் போடுங்க. "வித் ஆக்சஸரீஸ்"னு ஒத்த வரில முடிச்சா கேள்வி வரும்.

இன்ஷூரன்ஸ் ஏர்போர்ட் வரைக்கும் மட்டும் எடுத்துடாதீங்க, லேப் வரைக்கும் எடுங்க. ஐப்பசி கார்த்திகைல வருதுன்னா மூடின வண்டி கண்டிப்பா சொல்லுங்க. பெட்டி மேல ஷாக் ஸ்டிக்கர் (பெட்டி பலமா இடிபட்டா நிறம் மாறற ஸ்டிக்கர்) செவப்பா மாறியிருந்தா போட்டோ எடுத்துட்டு, டெலிவரி பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.

இன்ஸ்டால் பண்ண தேதிய ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்திடுங்க. அன்னிலேர்ந்து அஞ்சு வருஷம் விக்கவோ வேற எடத்துக்கு மாத்திக் குடுக்கவோ கூடாது. வேற காலேஜுக்கு மாறிப் போற ப்ரொஃபசர் "என் ப்ராஜெக்ட் மெஷின்தானே"ன்னு கூடவே தூக்கிட்டுப் போகப் பாப்பாரு, அவர்கிட்ட இந்த கண்டிஷனக் காட்டுங்க.