சுழியோடிப் பழகுகிறவருக்கு முதல் மாஸ்க்: முகத்துக்குப் பொருந்தியதை எடுப்பது எப்படி

மூச்சடக்கிச் சுழியோட ஆசைப்படும் பொடியன்கள் முதலில் கேட்பது, "எந்த ஸ்பியர்கன் வாங்கலாம்?" என்றுதான். மீன் குத்தும் அந்த ஈட்டித் துப்பாக்கி எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பதில். முதலில் கண்ணையும் மூக்கையும் மூடும் நல்ல மாஸ்க் ஒன்று வாங்குங்கள். கையில் இருக்கும் காசில் பெரும்பங்கை அதற்கே போடுங்கள். மற்றதை இரவல் வாங்கலாம், பழையதாக எடுக்கலாம், இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஸ்பியர்கன் கதையை இங்கேயே முடித்துவிடுவோம். எந்தக் கருவியால் மீன் பிடிக்கலாம், எதனால் கூடாது என்பதற்கு இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. வாங்கிவிட்டுப் பிறகு விசாரிக்கிற சாமான் அல்ல அது. கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்காமல் கடையில் எடுக்கவும் வேண்டாம், வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மீனைத் துரத்துகிறவனுக்கு மூச்சு நினைவில் நிற்காது. புதிதாகப் பழகுகிறவருக்கு அதுதான் பெரிய ஆபத்து.

சரி, மாஸ்க்குக்கு வருவோம்.

படி 1: எதை வாங்கக்கூடாது

நீச்சல் கண்ணாடி வேண்டாம். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பிறந்த மண்ணில் நீச்சலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேலே நீந்துகிறவருக்குப் போதுமான கண்ணாடி கீழே இறங்குகிறவருக்குப் போதாது. கீழே போகப் போக நீரின் அழுத்தம் கூடும். 10 மீற்றரில் அது மேற்பரப்பில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, அடைபட்ட காற்றின் கனவளவு பாதி. கண்ணாடிக்குள் இருக்கும் காற்றும் அப்படியே சுருங்கும், சுருங்கும்போது கண்ணை வெளியே இழுக்கும். மாஸ்க் என்றால் மூக்கு உள்ளே இருப்பதால் மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதி அந்த இழுவையைச் சரிசெய்யலாம். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை. கண் வெள்ளையில் இரத்தத் திட்டோடு கரைக்கு வருகிறவர்களின் கதை இதுதான்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் ஒன்றும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். சுழியோட உதவாது. இறங்கும்போது அழுத்தத்தால் வரும் காது அடைப்பை, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி எடுக்க முடியாது. உள்ளே காற்றும் அதிகம். அதை அப்படியே கடையில் விட்டுவிடுங்கள்.

படி 2: கடையில் முகத்தில் வைத்துப் பாருங்கள்

மாஸ்க் தெரிவில் முக்கால்வாசி இந்த இடத்தில் முடிந்துவிடும். அவசரப்படாதீர்கள்.

பட்டியை முன்பக்கம் மடித்து விடுங்கள், தலையில் மாட்ட வேண்டாம். மாஸ்க்கை முகத்தில் மெல்ல வைத்து மூக்கால் ஒரு சிறு மூச்சை உள்ளே இழுத்துப் பிடியுங்கள். கையை எடுங்கள். பொருந்தினால் அது முகத்திலேயே நிற்கும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டத்தான் செய்யும், ஆகையால் மெல்லிய மூச்சு போதும். அப்படியே பத்து வரை எண்ணுங்கள். எங்கிருந்தாவது காற்று கசிந்து மாஸ்க் கழன்றால் வேறொன்றை எடுங்கள்.

பிறகு ஸ்நோர்க்கலை, அதாவது முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சு விடும் குழாயை, வாயில் கடித்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். வாய் திறந்ததும் கன்னத்தின் வடிவம் மாறிவிடும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை ஓடும் அந்த மடிப்பில்தான் பல மாஸ்க்குகள் தோற்றுப்போகும். ஒரு தரம் சிரித்தும் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நல்ல மாஸ்க்கின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய சிலிக்கன் இரண்டு அடுக்காக உள்ளே மடிந்திருக்கும். முகத்தில் படுவது அந்த உள் அடுக்குத்தான். அதற்கும் தோலுக்கும் இடையில் எது வந்தாலும் தண்ணீர் வரும். மீசை வைத்திருக்கிறவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடளவு மழித்துக்கொள்ளுங்கள், முழுவதும் எடுக்கத் தேவையில்லை. பெண்கள் நெற்றி மயிரைப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள், ஒட்டுப் பொட்டைக் கழற்றுங்கள். திருநீறு பூசியிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள், தூள் ஓரத்தில் படிந்தால் ஒட்டாது. எண்ணெய் முழுக்கு நாளில் மாஸ்க் பக்கமே போகவேண்டாம்.

இதனால்தான் சொல்கிறேன், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவரிடம் மாஸ்க் கேட்காதீர்கள். அவர் முகத்துக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று இல்லை. ஸ்நோர்க்கலும் காலில் மாட்டும் செட்டையும் கேளுங்கள், சந்தோசமாகக் கொண்டுவருவார்கள். யாழ்ப்பாணக் கடைகளில் தெரிவு குறைவாக இருந்தால் கொழும்புக்குப் போகிற நாளில் பார்த்து எடுங்கள். இணையத்தில் வாங்கத்தான் வேண்டுமென்றால் திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

படி 3: உள்ளே எவ்வளவு காற்று, மூக்கு எப்படி

பொருந்தியவற்றுள் கண்ணாடி முகத்துக்குக் கிட்ட இருப்பதை எடுங்கள். மாஸ்க்குக்குள் நீங்கள் ஊதும் காற்று உங்கள் நெஞ்சிலிருந்துதான் போகவேண்டும். 10 மீற்றர் இறங்கினால், மாஸ்க் எவ்வளவு காற்றைக் கொள்ளுமோ இன்னும் அவ்வளவு காற்றை அதற்குள் ஊதவேண்டி வரும். 200 மில்லிலீற்றர் கொள்ளும் மாஸ்க்கை விட 100 கொள்ளும் மாஸ்க் அந்தளவுக்கு மூச்சை மிச்சப்படுத்தும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல், நீங்கள் போகும் ஆழமும் குறைவுதான். ஆனாலும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரவேண்டும்.

மூக்குப் பகுதி மென்மையாக இருக்கவேண்டும். ஒரு கையின் இரண்டு விரலால் இரண்டு நாசியையும் நன்றாக அழுத்திப் பாருங்கள். காது அடைப்பை எடுப்பது அப்படித்தான். மூக்கு கடினமான பிளாஸ்ரிக்கில் முட்டினால் வேண்டாம்.

படி 4: கண்ணாடி, சிலிக்கன்

கண்ணாடி பதப்படுத்திய வலுக்கண்ணாடியாக இருக்கவேண்டும், பெரும்பாலும் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். வெறும் பிளாஸ்ரிக் என்றால் கீறல் விழும், உடனே ஈரம் படிந்து புகையும் பிடிக்கும். ஓரம் சிலிக்கனா, மலிவான பிவிசியா என்பது தொட்டால் தெரியும். பிவிசி விறைப்பாக, பளபளப்பாக இருக்கும், நாள்பட நாள்பட இன்னும் விறைக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்கை எடுங்கள். சில வகைகளுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி தனியாகக் கிடைக்கும், கழற்றி மாற்றலாம். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டவும் தெரிவதால் சிறிய குறை உள்ளவர்களுக்குச் சாதாரண மாஸ்க்கே போதும். கீழே கிடக்கும் சங்கை எட்டி எடுக்கப் போனால் கை குறைப்பட்டு நிற்கும், அதுவும் இதனால்தான். பழகிவிடும்.

படி 5: தண்ணீரில் இறங்க முன்

புதுக் கண்ணாடியில் தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் இருக்கும். அது போகும் வரை புகை பிடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பற்பசையை எடுத்து உள்பக்கத்தில் விரலால் நன்றாகத் தேயுங்கள். ஜெல் வகை சரிவராது. கழுவி, திரும்பவும் தேயுங்கள், மூன்று நான்கு தடவையாவது. கண்ணாடிக்குப் பூச்சு ஏதும் இருந்தால் பற்பசை போடாதீர்கள், அது பூச்சையும் எடுத்துவிடும். கடலில் இறங்கும்போது காய்ந்த கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து ஒரு தரம் அலசினால் போதும். விலைகொடுத்து வாங்கும் மருந்தெல்லாம் பிறகு பார்க்கலாம்.

படி 6: முதல் நாள்

காரைநகர் கசூரினா கடற்கரை இதற்குத் தோதான இடம். நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகரைப் பக்கம் போகாதீர்கள், அலையும் கலங்கலும்தான் மிச்சம். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும்.

இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டு மாஸ்க்கைக் கொஞ்சம் திறந்து வேண்டுமென்றே தண்ணீரை உள்ளே விடுங்கள். தலையைச் சற்று மேலே நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் ஓரத்தைக் கையால் அழுத்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழால் வெளியேறும். இது பதற்றமில்லாமல் வரும் வரைக்கும் ஆழத்துக்குப் போகவேண்டாம். மாஸ்க் கசிகிறதே என்று பட்டியை இறுக்காதீர்கள். இறுக்கினால் ஓரம் மடிந்து இன்னும் கசியும். பட்டி காதுக்குச் சற்று மேலே, தலையின் பின்பக்கத்தில் தளர்வாகவே இருக்கட்டும்.

இறங்கும்போது காது வலிக்க முன்னரே மூக்கைப் பிடித்து அடைப்பை எடுங்கள். வலித்தால் மேலே வந்துவிடுங்கள், தம் கட்டித் தள்ளாதீர்கள். தடிமன் இருந்தால் அன்றைக்குக் கடல் இல்லை.

தனியாகப் போகவே கூடாது. ஒருவர் கீழே என்றால் மற்றவர் மேலே நின்று பார்க்கவேண்டும், வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக்கூடாது. மயக்கம் பெரும்பாலும் வருவது கடைசிச் சில மீற்றரில், இல்லையென்றால் மேலே வந்த பிறகு. இறங்க முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். அதனால் ஒட்சிசன் கூடுவதில்லை, மூச்சு முட்டும் எச்சரிக்கைதான் காணாமல் போகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் கொண்டுபோவது இதுதான். முறையாகக் கற்பிக்கும் பயிற்றுநர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மற்றவை

ஸ்நோர்க்கல் வால்வு, பந்து ஒன்றும் இல்லாத சாதாரண வளைகுழாய் போதும், நீளம் 40 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். இறங்கும்போது வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். செட்டை பிளாஸ்ரிக் அலகோடு, குதிகால் மூடியதாக இருந்தால் நல்லது. காபன் அலகை முருகைக்கல்லில் மோதி உடைத்துவிட்டு அழவேண்டாம். கீழே இறங்க இடுப்பில் கட்டும் ஈயம் இப்போது தேவையே இல்லை, எங்கள் கடல் சூட்டில் தடித்த உடுப்புப் போடாதவருக்கு அது பெரும்பாலும் சுமை. மிதவை ஒன்று கட்டாயம் வேண்டும், கடும் நிறத்தில். மோட்டார் பூட்டிய படகுகள் ஓடும் இடத்தில் உங்கள் தலை யாருக்கும் தெரியாது.

கடலில் இருந்து வந்ததும் மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள். கறுப்பு இறப்பர்ச் செட்டையோடு ஒரே பையில் மாதக்கணக்கில் கிடந்தால் வெள்ளைச் சிலிக்கன் நிறம் மாறிவிடும். வாங்கும்போது வந்த பெட்டியை எறியாமல் அதிலேயே வையுங்கள்.