சித்திரையில் வந்து கிணற்றைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை கடலில் சேருமிடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தை மாதத்தில் வராதீர்கள் என்பதுதான். நாங்கள் அப்படி வந்தோம். வாடை மழை ஓய்ந்த நேரம். கிணற்றில் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர், குடித்தால் இளநீர் போல் இருந்தது. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம். சித்திரை முடிவதற்குள் அதே தண்ணீரில் பருப்பு வேக மறுத்தது.

இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலில் இறங்கிய மழை. உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன்மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஆகவே கோடையில் வந்து, அரை மணி நேரம் இறைக்கச் சொல்லி, அதன் பிறகு வாயில் வைத்துப் பாருங்கள். தெருவில் மூன்று வீட்டுப் பெண்களிடம் குடிநீர் எங்கே எடுக்கிறார்கள், காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வைகைக் கரை என்றதும் வாசலில் ஆறு ஓடும் என்று எண்ண வேண்டாம். வைகைத் தண்ணீரைக் கண்மாய்களே வாங்கிக்கொள்கின்றன. பெருவெள்ளத்தில்தான் மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊரிலுள்ள முகத்துவாரம்வரை வரும். வந்த ஆண்டுகளில் தண்ணீர் எந்தத் திண்ணைவரை ஏறியது என்று வயதானவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

பத்திரத்தில் அவசரம் கூடாது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நிலம் வக்ஃபுக்கோ கோயிலுக்கோ உரியதா, கட்டடம் கட்டக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று விசாரியுங்கள். இங்கே பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருக்கும். "அக்கா மலேசியாவில் இருக்கிறாள், பிறகு கையெழுத்துப் போடுவாள்" என்றால் அந்தப் பிறகு வரும்வரை காத்திருங்கள். இந்துக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு. அவள் கையெழுத்து இல்லாத பத்திரம் நாளை வழக்காகும்.

பழைய வீடென்றால் சுவரின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருந்தும். சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துச் சுவர் உதிரும். கான்கிரீட் கூரையில் கம்பி துருத்திக்கொண்டிருந்தால் விலை பேசவே வேண்டாம்.

கடைசியாக மண். தொல்லியல் துறை இவ்வூரில் அகழ்ந்து ரோமானியக் காசுகளையும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றையும் எடுத்திருக்கிறது. மண்ணுக்குள் காசோ நகையோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மழைநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியபோது எங்கள் கொல்லையிலும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் வந்தன. கொத்தனாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொன்னேன். தொட்டியைப் பத்தடி தள்ளிக் கட்டினோம். இந்தச் சித்திரைக்கு அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறேன்.