மழைக்காலத்தில் துணி வாடை அடிக்காமல் இருக்க

ஐப்பசி, கார்த்திகையில் வாரத் துணி முழுவதையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். மெஷின் துவைத்துவிடும், காயப்போடக் கொடியில்தான் இடம் இருக்காது. கொடி கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். ஒருமுறை சீருடையும் வெள்ளையும், அடுத்தமுறை சாயத்துணி. துண்டும் ஜீன்ஸும் வெயில் தலைகாட்டும் நாளுக்கு.

டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணித்தால் சோப்பு சரியாக அலசப்படாது. தங்கிய சோப்பு, அழுக்கு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் கிருமி பெருகும். வாடை அதிலிருந்துதான் வருகிறது. வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. கூடுதலாக ஓர் அலசல், முடிந்ததும் இன்னொரு ஸ்பின். உடனே எடுத்து உதறி, நான்கு விரல் இடைவெளியில் ஃபேனுக்கடியில் காயப்போடுங்கள். சட்டைக்கு ஹேங்கர் நல்லது. உள்ளேயும் காற்று போகும்.

மெஷின் மூடி திறந்தே இருக்கட்டும். வெந்நீர் வசதி இருந்தால் மாதம் ஒருமுறை துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்டுங்கள்.